டயாக்சின் அளவுகளைப் படிப்பது எப்படி? கேள்வி பதில்

செந்தில்: ஆய்வறிக்கைகளில் வரும் ‘நச்சுச் சமானம்’ என்பது என்ன?

குப்பை முதலியவை எரியும்போதும் சில வேதித் தொழில்களிலும் உண்டாகும், குளோரின் கொண்ட நச்சுச் சேர்மங்களே டயாக்சின்கள். டயாக்சின் ஒரே பொருளன்று. குளோரின் அணுக்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் பொறுத்து டயாக்சின்களில் 75 வகைகளும், அவற்றின் உறவுச் சேர்மங்களான ஃபியூரான்களில் 135 வகைகளும் உள்ளன. அவற்றுள் 17 வகைகளும், அவற்றைப் போலச் செயற்படும் 12 பிசிபிக்களும் (முன்பு மின்மாற்றி எண்ணெய்களில் பயன்பட்ட குளோரின் சேர்மங்கள்) மட்டுமே கணக்கில் சேரும். மிகக் கொடிய டயாக்சின் வகையான டிசிடிடிக்கு 1 என மதிப்பளித்து, மற்றவற்றுக்கு அதனோடு ஒப்பிட்டுக் காரணி வழங்குவர். எட்டுக் குளோரின் கொண்ட டயாக்சினுக்கு 2005ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன அட்டவணையில் 0.0003 மட்டுமே. ஒவ்வொரு வகையையும் தனித்தனியே அளந்து, காரணியால் பெருக்கிக் கூட்டினால் வருவதே நச்சுச் சமானம். எந்த ஆண்டின் அட்டவணை என்று குறிப்பிடாத எண்ணை நம்பாதீர்கள்.

மாலதி: இரத்தத்தில் அளந்துவிட்டு, ‘கொழுப்பு ஒரு கிராமுக்கு’ என்று ஏன் எழுதுகிறார்கள்?

டயாக்சின் கொழுப்பில் தங்குகிறது. இரத்தக் கொழுப்போ உணவுக்குப் பின் ஏறி இறங்குகிறது. கொழுப்புக்கு ஈடாகக் கணக்கிட்டால்தான் ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட முடியும். இத்தாலியின் செவேசோ பகுதியில் 1976 ஜூலை 10 அன்று வேதித் தொழிற்சாலை விபத்தில் டிசிடிடி வெளியேறியபின் எடுத்துச் சேமித்த இரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் அளந்தபோது, ஒரு குழந்தையிடம் கிராம் கொழுப்புக்கு 56,000 பிகோகிராம் டிசிடிடி காணப்பட்டது. பெரியவர்கள் உடலில் டிசிடிடி பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆவதால், பழைய வெளிப்பாட்டையும் பின்னோக்கிக் கணிக்கலாம். ஆனால் அளவு மிகுந்தால் உடல் விரைவாக வெளியேற்றுகிறது: 2004இல் நஞ்சூட்டப்பட்ட உக்ரைன் அரசியல் தலைவர் விக்தர் யூஷ்சென்கோவின் உடலில் அது பாதியாகச் சுமார் 15 மாதங்களே ஆயின.

ரகு: கினிப்பன்றியைக் கொல்லும் அளவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கொடுத்தால்தான் ஹாம்ஸ்டர் சாகும் என்கிறபோது, விலங்குச் சோதனைக் காரணிகள் மனிதருக்கு எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. காரணிகள் விலங்குக்கு விலங்கு உள்ள வேறுபாட்டைச் சொல்லவில்லை. ஒரு வகை டயாக்சின் டிசிடிடியைவிட எத்தனை மடங்கு வலிமை குறைந்தது என்பதையே சொல்கின்றன. இவை எல்லாம் உயிரணுவிலுள்ள ஒரே ஏற்பியோடு (வேதிப்பொருள் வந்து ஒட்டும் புரதம்) இணைந்து செயற்படுவதே அந்த ஒப்பீட்டுக்கு அடிப்படை. மேலும், மனிதருக்கான வரம்பைச் சாவளவைக் கொண்டு வகுப்பதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல், இரத்தத்தில் டயாக்சின் மிகுந்திருந்த ரஷ்யச் சிறுவர்கள் வளர்ந்தபின் அவர்களது விந்தணுச் செறிவு குறைந்ததைக் கொண்டு, வாரத்துக்கு உடல் எடை கிலோவுக்கு 2 பிகோகிராம் என உட்கொள்ளும் வரம்பைத் தாழ்த்தியது.

ரகு: அப்படியானால் நச்சுச் சமானம் அளவீடா, வல்லுநர் கருத்தா?

இரண்டும். செறிவு அளக்கப்படுகிறது, காரணி வழங்குவது சான்றுகளின்மீது வல்லுநர்கள் எடுக்கும் முடிவு. ஐந்து குளோரின் கொண்ட ஒரு முக்கிய ஃபியூரானின் காரணி 1998இல் 0.5 ஆக இருந்து, 2005இல் 0.3 ஆகி, 2022இன் மறுமதிப்பீட்டில் 0.1 ஆயிற்று. ஒரே பால் மாதிரி மூன்று எண்களைத் தரும். அட்டவணையின் ஆண்டைக் கேட்கும்படி நான் வலியுறுத்துவது இதற்காகவே.

தேவி: பிகோகிராம் என்றால் எவ்வளவு? வரம்பு எத்தனை?

கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. வரம்பு மேலே உள்ளது. தயவுசெய்து முந்தைய பதில்களைப் படியுங்கள்.

முருகன்: எங்கள் தெருவில் குப்பை எரிக்கிறார்கள். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

வழக்கமான மருத்துவ ஆய்வகங்களில் இது அளக்கப்படுவதில்லை. உயர் பிரிதிறன் கொண்ட நிறை நிறமாலைக் கருவியும் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும், செலவும் மிகுதி. எண் கிடைத்தாலும் அது சிகிச்சையை மாற்றாது. எரிப்பதை நிறுத்தும்படி உள்ளாட்சியிடம் எழுத்தில் முறையிடுங்கள்.

அன்பு: என் முகப்பரு டயாக்சினாலா?

தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.