பாட்டு சிடி ஓடுகிறது, கல்யாண டிவிடி ஓடவில்லை: கோளாறு எங்கே?

கேள்வி: 2009-ல் நடந்த அக்கா கல்யாணத்தின் டிவிடிகள் மூன்று பீரோவில் இருக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் கொஞ்சம் சுற்றுகிறது, 'டிக் டிக்' என்கிறது, பிறகு 'பிளீஸ் இன்சர்ட் எ டிஸ்க்' என்று வருகிறது. அதே டிரைவில் பழைய பாட்டு சிடி நன்றாக ஓடுகிறது. கடைக்காரர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடவேண்டும் என்கிறார். போடலாமா? - மன்னார்குடி வாசகி ஒருவர்

பதில்: போட வேண்டாம். பாட்டு சிடி ஓடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். விண்டோஸோ கேபிளோ கெட்டிருந்தால் அந்த சிடியும் ஓடாது. எந்தக் கோளாறு என்றாலும் 'ஃபார்மட் பண்ணணும்' என்பது பல கடைகளில் வாய்ப்பாடு ஆகிவிட்டது. ஃபார்மட் செய்தால் டிவிடி ஓடாது, டெஸ்க்டாப்பில் கிடக்கும் பிள்ளைகளின் போட்டோக்கள்தான் போகும்.

டிரைவுக்குள் சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு இன்னொன்று. சிடி லேசர் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. டிவிடி லேசர் 650, சிவப்பு. ஒன்று வயதாகித் தளர்ந்தாலும் மற்றது ஜோராக வேலை செய்யும். அதோடு டிவிடியின் தடங்கள் சிடியைவிடப் பாதிக்கும் குறைவான இடைவெளியில் நெருங்கியிருப்பவை. லென்ஸில் லேசாகப் படலம் பிடித்தால் சிடி சமாளித்துக்கொள்ளும், டிவிடி முரண்டு பிடிக்கும். நீங்கள் கேட்கும் 'டிக் டிக்', லென்ஸ் மேலும் கீழும் ஏறி இறங்கி ஃபோகஸ் தேடித் தோற்கும் சத்தம்.

முதலில் கடையில் விற்ற சினிமா டிவிடி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். கம்பெனி டிவிடியில் தகவல் அச்சாக அழுத்தப்பட்டிருக்கும். உங்கள் கல்யாண டிவிடியில் அது சாயத்தில் எழுதப்பட்டது, சாயம் நாளாக நாளாக மங்கும். சினிமா ஓடினால் டிரைவ் பிழைத்தது, சந்தேகம் டிஸ்க்மேல். அதுவும் ஓடாவிட்டால் லென்ஸ் அழுக்கு, அல்லது டிவிடி லேசர் முடிந்தது.

டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் பிளாஸ்டிக் உறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உறை டிஸ்க்கோடு ஒட்டும், சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சை படரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, பழைய பருத்தி வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தடம் வட்டமாக ஓடுகிறது. கீறல் அதன் கூடவே ஓடினால் தகவல் நீளத்துக்குக் காணாமல் போகும், டிரைவால் ஊகித்து நிரப்ப முடியாது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு தடத்திலும் துளிதான் விழுங்கும். பற்பசை வைத்தியமும் வேண்டாம், அது ஒரு கீறலை மறைத்து நூறு கீறலைப் போடும். நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் தெரிந்தால் அந்த டிஸ்க்கை டிரைவில் போடாதீர்கள். முழு வேகத்தில் (16எக்ஸ்) நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும், உள்ளேயே சிதறிவிடும்.

லென்ஸ் என்பது உளுந்து அளவில் நீலச் சாயலோடு தெரியும் குமிழ். லேப்டாப் டிரைவில் தட்டைத் திறந்தாலே தெரியும். பெரிய கம்ப்யூட்டரில் டிரைவைக் கழற்ற வேண்டும், பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் இரண்டு தடவை தொட்டு எடுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். பத்து நிமிடம் உலரட்டும். தை அறுவடையில் வீட்டுக்குள் வரும் நெல் தூசிக்கு இது பெரும்பாலும் போதும்.

இங்கேதான் இன்னொரு மோசடி. சிலர் டிரைவைப் பிரித்து, லேசர் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகைக் கொஞ்சம் திருப்புவார்கள். உடனே டிவிடி ஓடும், காசும் வாங்கிவிடுவார்கள். அது லேசருக்கு அளவுக்கு மீறிய மின்சாரம் கொடுப்பது. சில நாளில் லேசர் எரிந்துபோகும். திருகைத் தொடுகிறேன் என்பவரிடம் டிரைவைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பொருந்தாத ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும், இதற்குத்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். டிஸ்க்கின் பெயர் திரையில் வருகிறது, திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் தெரிகிறது, படம் மட்டும் ஓடவில்லை என்றால் டிரைவில் கோளாறே இல்லை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் தானாகத் தருவதில்லை. காசு கொடுத்து வாங்கும் விண்டோஸில் முன்பு இருந்த வசதியை எடுத்துவிட்டார்கள். வி.எல்.சி. என்ற இலவச பிளேயரைப் போட்டு, டிஸ்க்கை அதன் வழியாகத் திறந்தால் ஓடும். டிரைவ் மாற்ற வேண்டாம், விண்டோஸும் மாற்ற வேண்டாம். பெயர் தெரிகிறதா, ஃபோல்டர் தெரிகிறதா என்று பார்க்காமல் கடைக்கே போகாதீர்கள்.

உங்கள் டிரைவ் முடிந்துவிட்டது என்றால், யு.எஸ்.பி. டிவிடி ரைட்டர் ஒன்று வாங்குவதே சிக்கனம். அதைக் கம்ப்யூட்டரின் முன்பக்க சாக்கெட்டிலோ நீட்டிப்பு வயரிலோ சொருகாமல் பின்பக்கத்தில் நேராகச் சொருகுங்கள். பழைய யு.எஸ்.பி. 2 சாக்கெட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், டிரைவ் சுற்றத் தொடங்கும்போது அதற்குமேல் கேட்கும். பற்றாவிட்டால் அதே 'டிக் டிக்' வரும், புது டிரைவே கெட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

டிஸ்க்தான் மங்கியிருக்கிறது என்றால், அதைக் குறைந்தது மூன்று வேறு டிரைவ்களிலும் ஒரு பழைய டிவி டிவிடி பிளேயரிலும் போட்டுப் பாருங்கள். ஒன்று மறுத்ததை இன்னொன்று வாசிப்பது சகஜம். வாசிக்கும் டிரைவ் கிடைத்ததும் அன்றைக்கே வேலையை முடியுங்கள். சாதாரண காப்பி முதல் பழுதுப் பகுதியில் நின்றுவிடும். 'டேட்டா ரெக்கவரி' என்று டிஸ்க்குக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடங்களில் பல, லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைத்தான் ஓட்டுகின்றன. அது நல்ல பகுதியை முதலில் எடுத்துக்கொண்டு, மோசமான பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போகும். ஒரு டிஸ்க்குக்கு இரவு முழுக்கக்கூட ஆகலாம், நடுவில் நிறுத்தாதீர்கள். கிடைக்கும் முழுக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போனால் எஃப்.ஏ.டி. 32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஏறாது, பென்டிரைவை முதலில் எக்ஸ்ஃபேட் என்ற முறைக்கு ஃபார்மட் செய்து மாற்றிக்கொள்ளுங்கள். பிரதி ஒன்றை உங்களிடமும் இன்னொன்றை அக்காவிடமும் வையுங்கள்.