சிரையை விடுங்கள், மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?

டொராண்டோ வாசகருக்கு: உங்கள் மனைவியின் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய்க்கு (மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் நோய்) கழுத்துச் சிரைகள் குறுகியிருப்பதே காரணம் என்றும், அவற்றைப் பலூனால் விரித்தால் குணமாகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரைகளைவிட, வெளிநாட்டில் பலூன் சிகிச்சை செய்துகொள்ளப் போவதாகச் சொல்லி அவர் மூன்று வாரமாக, நோயைக் கட்டுப்படுத்தும் ஃபிங்கோலிமோட் மாத்திரையை நிறுத்தியிருப்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. இந்நோய்க்கு அதை உட்கொண்டு வந்தவர்கள் சட்டென்று நிறுத்தினால், நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். அப்படித் திரும்புவது பெரும்பாலும் 12 வாரங்களுக்குள். ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குவதோ, காலில் புதிதாகப் பலவீனமோ, காய்ச்சல் இல்லாதபோதும் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சிரைக் கோளாறின் அடையாளமாக நீங்கள் எழுதியவற்றைப் பார்ப்போம்: வெந்நீரில் குளித்தபின் உடல் தளர்ந்து, சற்று நேரத்தில் சரியாவது இந்நோயில் வழக்கம். இருமும்போது கழுத்துச் சிரை புடைப்பது எனக்கும் உண்டு. டாப்ளர் (ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் உங்களைக் கலங்கவைத்த 'சிரை குறுகல்' என்ற வரியும் அப்படித்தான்: கனடாவில் பரிசோதித்தபோது நோயாளிகள், அவர்களுடைய உடன்பிறந்தோர், உறவே இல்லாத ஆரோக்கியமானவர்கள் ஆகிய மூன்று தரப்பிலும் அந்தக் குறுகல் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது.

'டாக்டர்கள் மறைக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் சிரைகள் குறுகி, இரும்பு தேங்குவதே இந்நோய்க்குக் காரணம் என்று இத்தாலியின் ஃபெராரா நகர மருத்துவர் பாவ்லோ ஸம்போனி 2009-இல் முன்வைத்தபோது, பரிசோதித்துப் பார்க்கச் சொல்லி அரசை நெருக்கியவர்கள் கனடா நோயாளிகள்தாம். அவர்கள் கேட்டது நியாயம். அதனால்தான் அங்கே 104 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்மையான பலூன், மற்றவர்களுக்குப் போலிச் சிகிச்சை என யாருக்கு எது என்று தெரியாதபடி செய்து பார்த்து, எந்தப் பயனும் இல்லை என்று 2017-இல் அறிவித்தார்கள். அதே ஆண்டில் ஸம்போனியே தம்முடைய ஆய்விலும் பயன் காணவில்லை என வெளியிட்டார். இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? சிகிச்சை முடிந்து எழுந்து நடப்பதை யூட்யூபில் காட்டுபவர்கள், ஆறு மாதம் கழித்து அதே கால்களைக் காட்டுவதில்லை. சிரையை விரித்து வைக்கப் பொருத்திய ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) நழுவுவது, இரத்தம் உறைவது, பக்கவாதம், மரணம் ஆகியவை நேர்ந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் எச்சரித்ததையும் அவர்கள் சொல்வதில்லை.

இதைப் படித்ததும் அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கச் சொல்லாதீர்கள். 14 நாட்களுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால், மறுபடி தொடங்கும் முதல் மாத்திரை இதயத் துடிப்பைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், இ.சி.ஜி. எடுத்து, மணிக்கொரு முறை நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்தபடி 6 மணி நேரமாவது மருத்துவக் கண்காணிப்பில் இருந்துதான் அதைத் தொடங்க வேண்டும். நிறுத்திய தேதியை மறைக்காமல் சொல்லி, நாளைக் காலையிலேயே அவருடைய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.