பசுவின் கொம்பும் சூரிய வட்டும்: ஐசிஸா, ஹாதோரா?

கேள்வி: எகிப்தின் லக்சரில், ஒரு கல்லறைச் சுவர் ஓவியத்தைப் படம் எடுத்தேன். பசுவின் கொம்புகளுக்கு நடுவே சூரிய வட்டு சூடிய தேவி. வழிகாட்டி அவளை ஐசிஸ் என்றார். என்னிடமுள்ள நூலோ அந்தக் கிரீடம் ஹாதோருடையது என்கிறது. எது சரி?

பதில்: கிரீடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது முதலில் ஹாதோருக்கு உரியதுதான். ஐசிஸின் தலையில் பழங்காலத்தில் இருந்தது ஒரு சிம்மாசன வடிவம். புதிய அரசுக் காலத்தில் (ஏறத்தாழ கி.மு. 1550–1070) அவளும் கொம்பையும் வட்டையும் சூடத் தொடங்கினாள். இரண்டாம் ராம்சேஸின் அரசி நெஃபர்தாரியின் கல்லறையில் இரு தேவியரும் இதே கிரீடத்துடன் நிற்கிறார்கள்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. பிடிபட்ட பகைவன் சேத் என்ற தெய்வத்தைத் தாய் ஐசிஸ் விடுவித்துவிட்டாள் என்ற கோபத்தில் அவள் மகன் ஹோரஸ் அவளுடைய கிரீடத்தைப் பறித்தெறிய, பதிலாகப் பசுத்தலைக் கவசம் ஒன்று அவளுக்கு அணிவிக்கப்பட்டதாம். கிரேக்கரான புளூட்டார்க் எழுதிவைத்தது இது. வழக்கம் வந்த பிறகு அதற்குக் காரணம் கற்பித்த கதை என்றே எனக்குத் தோன்றுகிறது.

எகிப்தியக் கிரீடம் பெயர்ப்பலகை அன்று. அணிந்திருப்பவரின் அதிகாரத்தைச் சொல்வது. வெண்முடி எகிப்தின் தென்பகுதிக்கு, செம்முடி வடக்கே நைல் கழிமுகத்துக்கு. நார்மர் மன்னர் தம் கற்பலகையின் ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் இதையும் அணிந்திருக்கிறார். இரண்டும் இணைந்த இரட்டை முடி ஹோரஸ், ஆதும், மூத் ஆகிய தெய்வங்களின் தலையிலும் உண்டு. அமூன் என்ற தெய்வத்தின் இரட்டை இறகுகளை மின் என்ற தெய்வமும் சூடுகிறது.

ஆகவே படத்தைப் பெரிதாக்கி, தேவியின் முகத்துக்கு முன்னாலோ தலைக்கு மேலோ உள்ள சித்திர எழுத்துகளைப் பாருங்கள். உயர்ந்த முதுகுள்ள இருக்கை தெரிந்தால் ஐசிஸ். செவ்வகக் கட்டத்துக்குள் பருந்து இருந்தால் ஹாதோர். பெயரைத்தான் தேட வேண்டும். பக்கத்து வரியில் வேறு சொல்லிலும் இருக்கை வரலாம்.

எழுத்து உதிர்ந்துபோயிருந்தால், அருகில் நிற்பவரைக் கவனியுங்கள். ஐசிஸின் கணவரான ஒசிரிஸின் பின்னால் சகோதரி நெஃப்திஸோடு சேர்ந்து நிற்பவள் பெரும்பாலும் ஐசிஸ். அந்தத் துப்பும் கிடைக்காவிட்டால், படத்தின் கீழ் ‘ஐசிஸ் அல்லது ஹாதோர்’ என்று எழுதிவையுங்கள். அருங்காட்சியகங்களே சில சிலைகளுக்கு அப்படித்தான் எழுதுகின்றன.