பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கியர் ஆயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: முப்பது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஆயில் ஊற்றும்படி அதன் கையேடு சொல்கிறது. நண்பர்களோ ஜிஎல்-5 அதைவிட உயர்ந்தது என்கிறார்கள். எண் கூடினால் தரமும் கூடும்தானே?

பதில்: அப்படிக் கொள்ளக் கூடாது. ஜிஎல் என்பது கியர் ஆயிலின் வகைக்குறி; அந்த எண்கள் தரவரிசையைக் காட்டுவதில்லை. எந்த வேலைக்கு எந்த ஆயில் என்பதையே காட்டுகின்றன. மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பொறுப்புகள் இருக்கின்றன. பற்கள் அழுந்தும் இடத்தில் அது வழுக்க வேண்டும். சிங்க்ரோ வளையம் பிடிக்கும் இடத்தில் வழுக்கக் கூடாது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு நீங்கள் லீவரைத் தள்ளும் அந்த நொடியில், பித்தளையாலான அந்தச் சிங்க்ரோ வளையத்தின் உட்புறத்தில் வெட்டப்பட்டிருக்கும் மெல்லிய வரிப்பள்ளங்கள் ஆயில் படலத்தை வழித்து ஒதுக்கிவிட்டு, கியரின் கூம்பு முகத்தை இறுகப் பற்றி, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகின்றன. அதன் பிறகுதான் பற்கள் சத்தமில்லாமல் கூடுகின்றன.

ஜிஎல்-5, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் உள்ள ஹைபாய்டு கியர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. அங்கே பற்கள் உருள்வதோடு நில்லாமல், கடும் அழுத்தத்தில் ஒன்றன் மேல் ஒன்று இழுபடுகின்றன. அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட அழுத்தத் தடுப்புச் சேர்மங்கள், ஜிஎல்-4 ஆயிலில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சேர்க்கப்படுகின்றன. பழைய ஜிஎல்-5 கலவைகளில் இருந்த கந்தகம் சூட்டில் பித்தளையை அரிக்கும் என்ற அச்சத்துக்குக் காரணம் இருந்தது. இன்றைய தயாரிப்புகள் பலவற்றில் அந்த வீரியம் அடக்கப்பட்டிருந்தாலும், சிங்க்ரோவுக்கு வேண்டிய பிடிமானத்தைக் குறைக்கும் குணம் அப்படியேதான் இருக்கிறது.

விதிவிலக்குகளும் உண்டு. 1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை மஸ்டா மியாட்டாவின் கையேடு இரண்டு வகையையும் அனுமதிக்கிறது. கியர்பாக்ஸும் ஹைபாய்டு டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் ஒரே ஆயிலில் நனையும் டிரான்சாக்ஸில் வண்டிகளில், தயாரிப்பாளரே ஜிஎல்-5 கேட்டிருக்கலாம். எதுவானாலும் கையேட்டின் சொல்லே இறுதி.

கேள்வி: என்ஜினில் 20டபிள்யூ-50, கியர்பாக்ஸில் 75டபிள்யூ-90. கியர் ஆயில் அவ்வளவு கெட்டியா?

பதில்: இல்லை. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி செல்சியஸில் 90 என்ற கியர் ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை; 50 என்ற என்ஜின் ஆயிலுக்கு அது 16.3-இல் தொடங்கி 21.9 வரை போகிறது. ஆக, இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கியர்பாக்ஸுக்கு என்ஜின் ஆயிலையே ஊற்றச் சொன்னதில் வியப்பில்லை.

கேள்வி: நானே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். எங்கே தவறு நேரும்?

பதில்: நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். வடிக்கும் பிளக்கை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். பல ஆண்டுகள் திறக்கப்படாத நிரப்பும் பிளக் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். நான் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது ஆயில் முழுவதையும் வடித்து முடித்துவிட்டு மேலே கைவைத்தேன். பிளக்கின் முனைகள் மழுங்கிச் சுழன்றன. அதைக் கழற்றும் வழி தெரியும்வரை அந்த வண்டி ஒன்பது நாள் ஸ்டாண்டின் மேலேயே நின்றது, ஒரு சொட்டு ஆயில்கூட உள்ளே இல்லாமல்.

கால்மணி நேரம் வண்டியை ஓட்டி ஆயிலைச் சூடாக்கிக்கொண்டால், அது அடியில் படிந்த தூளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். நான்கு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து வண்டியைச் சமமட்டத்தில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. பிளக்கைச் சுற்றி ஒட்டிய மண்ணைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்த பிறகே ஸ்பேனரைப் போடுங்கள். முதலில் கயிறு போல விழும் ஆயில் நூலாக மெலிந்து, பிறகு சொட்டாகும். அந்தச் சொட்டுக்கும் இருபது நிமிடம் பொறுங்கள். வாஷர் புதிதாக இருக்கட்டும். அலுமினியக் கூட்டில் மரை எளிதில் கழன்றுவிடும் என்பதால், கையேடு சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு மேல் முறுக்காதீர்கள்.

பெரும்பாலான பழைய கியர்பாக்ஸ்களில் நிரப்பும் துளையின் கீழ் விளிம்புதான் அளவு. குழாய் பொருத்திய பம்பால் ஏற்றி, ஆயில் அந்த விளிம்பைத் தாண்டி வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது நின்றதும் பிளக்கைப் போடுங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கி நிரப்பினால் இந்த அளவு பொய்யாகிவிடும். கூடுதலாக நிரம்பிய ஆயில் சீல் வழியாகக் கசிந்து கிளட்ச் பிளேட்டை நனைத்துவிட்டால், சிறிய வேலை பெரிய செலவாகும்.

மியாட்டா வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: முதல் தலைமுறையில் கியர் லீவரின் அடியில் தனியாகச் சிறிதளவு ஆயில் நிற்கும். கீழே மாற்றினாலும் அது மாறாது. லீவரைக் கழற்றி அதையும் உறிஞ்சி மாற்றினால்தான் லீவரின் அசைவு இதமாகும்.

கேள்வி: வடிந்த ஆயிலில் தங்கத்தூள் போல மினுங்குகிறது. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசையும் இருந்தது. பயப்பட வேண்டுமா?

பதில்: சாம்பல் பசை பற்களின் வழக்கமான தேய்மானம், மை போல மிருதுவாக இருந்தால் துடைத்துவிடலாம். தங்க மினுமினுப்பு சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. ஆயிலை வெயிலில் பிடித்தால் மட்டும் தெரியும் அளவுக்கு இருந்தால், பழைய வண்டிக்கு அது இயல்பு. விரலில் நெருடும் எஃகுத் துண்டு கிடைத்தால் கூட்டைத் திறந்தாக வேண்டும். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கியர்பாக்ஸின் காற்றுத்துளையை ஆராயுங்கள்.

கேள்வி: சரியான ஆயிலை ஊற்றியும் இரண்டாவது கியர் கரகரக்கிறது.

பதில்: வண்டி சூடேறியதும் சத்தம் மறைந்தால், குளிரில் தடித்த ஆயிலை வளையம் வழித்து ஒதுக்கத் திணறுகிறது என்று பொருள், முதல் சில நிமிடம் பதறாமல் மாற்றினால் போதும். சூட்டிலும் அந்த ஒரு கியர் மட்டும் கரகரத்தால் வளையம் தேய்ந்திருக்கிறது, அதற்கு ஆயில் மருந்தில்லை. எல்லாக் கியர்களும் முரண்டு பிடித்தால், என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்தாறு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை; ஆயிலை மறுபடி மாற்றுவதற்கு முன் கிளட்சைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் மாஸ்டர் சிலிண்டரிலும் ஸ்லேவ் சிலிண்டரிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.