எஸ்கியூஎல்அல்கெமி 2.0-க்கு மாறுவது எப்படி? கம்பம், குமுளி பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

தோட்டக் கணக்கு, ஏலக்காய்க் கடை பில் என்று நம் பகுதிக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள், எஸ்கியூஎல்அல்கெமி (பைத்தான் புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி) போன்றவற்றைப் புதுப்பிப்பது பற்றி அனுப்பிய கேள்விகள் இவை.

கம்பத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கூலிக் கணக்குப் புரோகிராம் எஸ்கியூஎல்அல்கெமி 1.3-ல் ஓடுகிறது. நேரே 2.0 போட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. 2021 மார்ச்சில் வந்த 1.4 இதற்கென்றே வைத்த நடுப்படி. முதலில் அதைப் போடுங்கள். அப்புறம் 'எஸ்கியூஎல்அல்கெமி_வார்ன்_20' என்ற என்விரான்மென்ட் வேரியபிளை (புரோகிராமுக்கு வெளியே, சிஸ்டத்தில் வைக்கும் அமைப்பு) 1 என்று வைத்துப் புரோகிராமை ஓட்டுங்கள். 2.0-ல் எதெல்லாம் போய்விடுமோ அதெல்லாம் எச்சரிக்கையாக வந்து விழும். அத்தனையையும் சரி செய்த பிறகு, 2023 ஜனவரியில் வந்த 2.0-க்குப் போகலாம்.

குமுளியிலிருந்து: 2.0 போட்டாச்சு, எரர் ஒன்றும் இல்லை. ஆனால் சாயங்காலம் ஏற்றிய ஆள் கணக்கு மறுநாள் காலையில் டேபிளில் இல்லையே?

நான் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். பழைய பதிப்பில் 'இன்ஜின்.எக்ஸிகியூட்' என்று இன்சர்ட் அனுப்பினால் அதுவே கமிட்டும், அதாவது எழுதியதை டேபிளில் நிலையாகப் பதிப்பதையும், செய்துகொள்ளும். 2.0-ல் அந்த வழியும் இல்லை, தானாகக் கமிட் ஆவதும் இல்லை. நீங்கள் எரரைப் பார்த்து 'கனெக்ட்' என்று மாற்றியிருப்பீர்கள், எஸ்கியூஎல் கட்டளை வரியை 'டெக்ஸ்ட்' உள்ளே போட்டிருப்பீர்கள். எரர் நின்றிருக்கும். கமிட் மட்டும் விட்டுப்போயிருக்கும். கனெக்‌ஷன் மூடும்போது எழுதியதெல்லாம் ரோல்பேக் ஆகிவிடும், அதாவது எழுதாதது போலவே போய்விடும், சத்தமே வராது.

எனக்கும் இது நடந்தது. ஒரு தோட்டத்துக்குச் செய்து கொடுத்ததில் இரண்டு நாள் ஆள் கணக்கு காணாமல் போனது. கங்காணி நோட்டில் எழுதி வைத்திருந்ததால் சனிக்கிழமைக் கூலி தப்பியது. விடிவதற்கு முன்னே ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகப் போய் வருகிறவருக்கு அந்த ஒரு வரிதான் ஒரு நாள் உழைப்பு. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எழுதுகிற இடத்திலெல்லாம் 'கனெக்ட்' வேண்டாம், 'வித் இன்ஜின்.பிகின்' போடுங்கள். வேலை முடிந்தால் அதுவே கமிட் செய்யும், நடுவில் எரர் வந்தால் ரோல்பேக் செய்யும். சோதிக்கும்போது எழுதிய கனெக்‌ஷனிலேயே செலக்ட் போடாதீர்கள், கமிட் ஆகாத வரியும் அதில் தெரியும். தனியாக இன்னொரு கனெக்‌ஷன் திறந்து எண்ணிப் பாருங்கள்.

வண்டிப்பெரியாறிலிருந்து: 2.0 போட்டதும் பாண்டாஸில் (பைத்தானில் அட்டவணைக் கணக்குப் பார்க்கும் லைப்ரரி) டேபிளில் எழுதும் 'டூ_எஸ்கியூஎல்' எரர் அடிக்கிறது.

உங்களிடம் இருப்பது பாண்டாஸ் 1 வரிசையாக இருக்கும். அதுவும் எஸ்கியூஎல்அல்கெமி 2.0-ம் ஒத்துப்போகாது. பாண்டாஸையும் 2.0-க்கு ஏற்றுங்கள்.

போடியிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, எங்களுடையது ஜாவா. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு இணைக்கும் கனெக்டரை 5.1-லிருந்து 8-க்கு மாற்றினோம். 'ஐஎஸ்டி' என்ற நேர மண்டலம் புரியவில்லை என்று நின்றுவிட்டது. யுடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டால் ஓடுகிறது. அப்படியே விடலாமா?

விடாதேம்மா. ஐஎஸ்டி என்ற சுருக்கம் இந்தியாவுக்கும் உண்டு, இஸ்ரேலுக்கும் உண்டு, அயர்லாந்துக்கும் உண்டு. எது என்று தெரியாமல்தான் நிற்கிறது. யுடிசி போட்டால் ஐந்தரை மணி நேரம் பின்னே போகும். விடிகாலை 5 மணிக்குப் போட்ட லாட் பில், டேபிளில் முந்தின நாள் இரவு 11:30 என்று விழும். நாள் கணக்கே மாறிப்போகும். கனெக்‌ஷன் முகவரியில் 'சர்வர்டைம்ஸோன்' என்பதற்கு 'ஏசியா/கொல்கத்தா' என்று கொடு. டிரைவர் கிளாஸின் பெயரிலும் நடுவில் 'சிஜே' சேர்ந்திருக்கிறது, அதையும் மாற்றிவிடு.

மறுபடி குமுளி: சரிண்ணே, திருத்தியதை எந்த நாளில் தோட்டத்தில் ஏற்றலாம்?

கூலி கொடுத்து முடித்த மறுநாள். அதற்கு முன்னால் டேட்டாபேஸை ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குக் கங்காணியை நோட்டிலும் எழுதச் சொல்லுங்கள், சாயங்காலம் நீங்களே இரண்டையும் வைத்து ஒப்பிடுங்கள்.