கையால் செய்த வாழ்த்து அட்டைகளை விற்க, மலிவான கவர்களை மொத்தமாக எப்படித் தேர்ந்தெடுப்பது? (வேலூர்)

அட்டையை வெட்டி ஒட்டி முடித்துவிட்டு அதற்குக் கவர் தேடினால் எந்தக் கடையிலும் விலை கூடுதலாகத்தான் இருக்கும். மலிவாகக் கிடைக்கும் கவர் எது என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த அளவுக்கு அட்டையை வெட்டுங்கள். வீட்டிலிருந்தே பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் சில நூறு அட்டை செய்து விற்பவர் நீங்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் 105க்கு 148 மி.மீ. அட்டை வரும். அதற்குப் பொருந்துவது சி6 கவர், 114க்கு 162 மி.மீ. நம்மூர்க் கடையில் சி6 என்று கேட்டால் பலருக்குப் புரியாது; "நாலரைக்கு ஆறரை" என்று இன்ச்சில் கேளுங்கள். அப்போதும் கையில் ஒரு மாதிரி அட்டை இருக்கட்டும். அதைக் கவருக்குள் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

9க்கு 4 இன்ச் ஆபீஸ் கவர் இதைவிட மலிவு என்று யாராவது சொல்வார்கள். கவர் மலிவுதான். ஆனால் அதற்கு 97க்கு 220 மி.மீ. அட்டை வேண்டும். ஏ4 தாளில் இரண்டு அட்டை எடுத்த இடத்தில் ஒன்றுதான் கிடைக்கும். கவரில் மிச்சமாகும் காசு அட்டையில் போய்விடும். சதுரக் கவர் பார்க்க அழகு, ஆனால் எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது. தனியாக டை (வெட்டும் அச்சு) போட்டு அடிக்கச் சொன்னால் சிறிய எண்ணிக்கைக்குக் கட்டாது.

தட்டையான அட்டை என்றால் நீளத்திலும் அகலத்திலும் கவர் 5 மி.மீ. பெரிதாக இருந்தால் போதும். குவில்லிங் (தாள் சுருள் வேலை), பட்டன், லேஸ் ஒட்டினால் அந்த 5 மி.மீட்டரோடு அலங்காரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காவிட்டால் பக்கவாட்டு ஒட்டு பிரியும். தபாலில் அனுப்புவதாக இருந்தால் எடை முக்கியம். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்) தாளில் ஏ5 துண்டு, அதாவது ஏ4-இல் பாதி, 9.3 கிராம், 100 ஜிஎஸ்எம் கவர் ஏறக்குறைய 5 கிராம். சாதாரணக் கடிதத்துக்கு மிகக் குறைந்த கட்டணம் 20 கிராம் வரைதான். ஆக அலங்காரத்துக்கு உங்களிடம் 5 கிராம் சொச்சம்தான் இருக்கிறது. மணி, முத்து எதையும் வலது மேல் மூலைக்குக் கீழே வைக்காதீர்கள். தபால்தலை மேல் முத்திரை குத்துவது அங்கேதான், நொறுங்கிவிடும்.

தாள் விஷயத்தில் 80 ஜிஎஸ்எம் வேண்டாம். உள்ளே இருக்கும் நிறம் வெளியே தெரியும், மடிப்பும் சீக்கிரம் கிழியும். 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (சாதாரண வெள்ளை அச்சுத் தாள்) குறைந்தபட்சம். பழுப்பு கிராஃப்ட் அதைவிட உறுதி, உள்ளே இருப்பதை நன்றாக மறைக்கும், அழுக்கும் தெரியாது. கிராஃப்ட் மட்டரகம் என்று நினைப்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. கைவேலை அட்டைக்கு அதுதான் எடுப்பு. மெட்டாலிக் கவரில் பேனா மை வழுக்கும், தபால்தலையும் சரியாக ஒட்டாது. அதைக் கையில் கொடுக்கும் அட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை நியாயமா என்று தெரிய ஒரு கணக்கு. 23க்கு 36 இன்ச் தாளில் 8க்கு 11 இன்ச் துண்டு எட்டு வரும். ஒரு துண்டில் ஒரு சி6 கவர். 100 ஜிஎஸ்எம்மில் வெட்டுக் கழிவையும் சேர்த்து ஒரு துண்டுக்கு 6.7 கிராம் என்றால் ஆயிரம் கவருக்கு 6.7 கிலோ தாள். கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் கவருக்கு 67 பைசா தாள். அன்றைய தாள் விலையைக் கேட்டு இதே கணக்கைப் போட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். மேலே வருவது வெட்டுக்கூலி, ஒட்டுக்கூலி, லாபம். சொல்லும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

வாங்க நல்ல நேரம் ஆடியும் மார்கழியும். முகூர்த்தம் இல்லாததால் கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் மிச்சக் கவர்களை ஒதுக்கித் தள்ளுவார்கள். ஆனால் மூடியில் தங்க நிறத்தில் பிள்ளையார் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேலூரில் கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் அட்டை வாங்குபவர்கள் நிறைய. அவர்களுக்கு அந்தக் கவர் ஆகாது. நேரில் வைக்கும் பத்திரிகை என்பதால் பல கவர்களில் பசையும் இருக்காது. சில ஆயிரம் வேண்டுமென்றால் காட்பாடியில் ரயில் ஏறி, சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் விசாரிக்கலாம். சில நூறுக்கு அந்த அலைச்சல் கட்டாது.

பசை தடவிய கவர் ஐப்பசி, கார்த்திகை மழையில் தானே ஒட்டிக்கொள்ளும். டேப் உரித்து ஒட்டும் கவர் நம் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடந்தால் பசை கசிந்து பக்கத்துக் கவரோடு சேர்ந்துவிடும். கவர்க் கட்டுகளைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல், பெட்டிக்குள், படுக்கப்போடாமல் நிறுத்தி வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தேவைப்படுவதை இப்போதே வாங்கி அடுக்குவது சிக்கனமல்ல.

கவர்க் கட்டைக் கையில் வாங்கியதும் எண்ணுங்கள். நூறு என்று எழுதியதில் நூறு இருக்க வேண்டும். நடுவிலிருந்து பத்து எடுத்து உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். ஒட்டும்போது பசை உள்பக்கம் வழிந்திருந்தால் அட்டை ஒட்டிப் பாழாகும். ஐவரி நிறம் லாட்டுக்கு லாட் மாறும், ஒரு ஆர்டருக்கு ஒரே லாட்டில் வாங்குங்கள்.

கேட்காத விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன். கவரில் முகவரி எழுதும் இடத்தில் நம் மக்கள் காட்டும் அலட்சியம் பொறுக்கவில்லை. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமான பிறகும் எல்லாவற்றுக்கும் "வேலூர் மாவட்டம்" என்றே எழுதுகிறார்கள். திருப்பத்தூர் சிவகங்கைப் பக்கமும் இருக்கிறது, வேலூர் நாமக்கல் மாவட்டத்திலும் இருக்கிறது. பின்கோடு இல்லாமல் எழுதினால் கடிதம் எங்கே போகும்? ஆர்டர் எடுக்கும்போதே ஆறு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். அடர்ந்த நிறக் கவர் என்றால் வெள்ளை லேபிளில் எழுதி ஒட்டுங்கள்.

புதிய கடையில் வாங்கத் தொடங்குகிறீர்கள் என்றால் முதலில் 25 கவர் மட்டும் வாங்கி, அட்டை போட்டு, உங்கள் முகவரிக்கே ஒன்றிரண்டு தபாலில் அனுப்புங்கள். மூலை கிழியாமலும் மூடி பிரியாமலும் திரும்பி வந்தால் ஆயிரத்துக்கு ஆர்டர் கொடுக்கலாம்.