தொண்டு நிறுவனம் நடத்துபவர் சுயேச்சையாக நின்றால் எம்.எல்.ஏ. ஆக முடியுமா?

கேள்வி கேட்டவர் ஊரில் பதினைந்து வருடமாக அறக்கட்டளை நடத்தும் ஒருவர் அடுத்த சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறாராம். "அவரிடம் உதவி வாங்காத வீடே இல்லை, அதனால் ஜெயித்துவிடுவார்" என்கிறார்களாம் நண்பர்கள். இதையே 2021 மார்ச்சில் நானும் சொல்லித் திரிந்தேன். அப்போது டெல்டாவில் ஒரு சின்ன அறக்கட்டளைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதை நடத்திய அக்கா (ஊருக்கெல்லாம் அவர் 'டீச்சரம்மா') திருவாரூர் மாவட்டத்துத் தொகுதி ஒன்றில் நின்றார். எந்தத் தொகுதி என்று சொன்னால் ஆள் தெரிந்துவிடும், அதனால் வேண்டாம். டெபாசிட் போய்விட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிற்பதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. 25 வயது நிறைந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஆனால் அறக்கட்டளைப் பணத்தில் ஒரு ரூபாய் தேர்தல் பக்கம் போனாலும் வரிவிலக்குக்கு ஆபத்து. வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பென்றால் இன்னும் சிக்கல். வேட்பாளராக நிற்பவர் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது என்று 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை)ச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் அக்கா பிப்ரவரியிலேயே பொறுப்பை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அலுவலக ஜெராக்ஸ் மெஷினில் ஒரு தாள்கூட எடுக்க நான் விடவில்லை. பக்கத்துக் கடைக்குத்தான் ஓடினோம். அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கன்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்களே, அதற்கப்புறம் வந்த கெடுபிடி இது. டெபாசிட்டும் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆகி, பிறகு 10,000 ஆனது. பத்துக் கையெழுத்து என்ன பெரிய விஷயம் என்று நினைத்தோம். எங்கள் மகளிர் குழுக்களில் மட்டும் நூற்றுக்கணக்கான பெண்கள். போய்க் கேட்டால், "வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சரம்மா" என்றார்கள். ஒருவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. கடைசியில் பத்தில் ஆறு பேர் எங்கள் ஊழியர்களும் அவர்கள் வீட்டாரும். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம் சின்னம். நாங்கள் தையல் வகுப்பு நடத்துகிறவர்கள், அதனால் தையல் இயந்திரத்தை முதல் விருப்பமாக எழுதிக் கொடுத்தோம். இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்டிருந்தார். குலுக்கலில் அவருக்குப் போனது. மற்ற இரண்டு விருப்பங்களும் பதிவு பெற்ற சிறு கட்சிக்காரர்களுக்குப் போய்விட்டன, அவர்களுக்கு முன்னுரிமை உண்டு. தேர்தல் அலுவலர் பட்டியலில் மிச்சமிருந்ததில் ஒன்றைக் கொடுத்தார்: ஏர் கண்டிஷனர். கூரை வீட்டு வாசலில் நின்றுகொண்டு "ஏசி சின்னத்துக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று கேட்ட ஒரே ஆள் எங்கள் அக்காவாகத்தான் இருப்பார். "கரண்டே நிக்க மாட்டேங்குது, ஏசியா?" என்று ஒரு பையன் கேட்டான். தெருவே சிரித்தது, அக்காவும்தான்.

செலவுக் கணக்கு என் வேலை. தனி வங்கிக் கணக்கு, தனிப் பதிவேடு. அதில் தினச் செலவுக்கு வெள்ளைப் பக்கம், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். அப்போதைய உச்சவரம்பு 30.8 லட்சம். எங்களுக்கு அதைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. டீ, நாற்காலி, மைக் எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் தரும், அந்த விலைக்குத்தான் எழுத வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் மொத்தக் கணக்கையும் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருடம் நிற்க முடியாது. நிற்கப் போகிற உங்கள் ஊர்க்காரர் ஒரு நல்ல கணக்கரை இப்போதே பிடித்து வைத்துக்கொள்ளட்டும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். எங்களை வீழ்த்தியது வேறு.

அக்கா இந்தப் பக்கம் வந்தது 2004 சுனாமிக்குப் பிறகு. அப்போது நாகப்பட்டினம் கரையெல்லாம் தொண்டு நிறுவனப் பலகைகள். நிதி வற்றியதும் பலரும் மூட்டை கட்டினார்கள். இவர் உள்ளே தள்ளி வந்து மாலைப் பள்ளி, தையல் வகுப்பு என்று தங்கிவிட்டார். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, மூன்றாம் நாளே தார்ப்பாயோடு தெருத் தெருவாகப் போனோம். பிரச்சாரத்துக்குப் போனபோது அந்த நீலத் தார்ப்பாய்கள் சில கூரைகளில் இன்னும் கிடந்தன. வெயிலில் வெளுத்து, ஓரம் கிழிந்து, செங்கல் பாரம் வைத்து. அதே வீட்டு வாசல் மூங்கிலில் வேறொரு கட்சியின் கொடி, புத்தம் புதுசு. அந்த வீட்டுப் பாட்டி எங்களுக்கு மோர் கொடுத்தார். கொடுத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு என்ன கொறச்சல்னு இதுல போயி வுழுற?" என்று கேட்டார். கோபமாக இல்லை, பெற்ற மகளைக் கேட்பது போல.

டெல்டாவில் கட்சிக்கொடி லேசான விஷயம் இல்லை. தொண்டு நிறுவனங்கள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இங்கே தெருவுக்குத் தெரு சங்கம் இருந்தது. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாட்டையடியும் சாணிப்பாலும் 1940களில் நின்றதற்குப் பின்னால் கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாச ராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின்போது, விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிந்துபோனார்கள். திராவிடக் கட்சிகளுக்கும் இதே மண்ணில் இதே அளவு ஆழமான வேர் உண்டு. ஒருவர் எங்களிடம் நேராகவே சொன்னார்: "எங்க தாத்தா புடிச்ச கொடி. நீங்க நல்லவங்கதான், ஆனா கொடிய எப்படிம்மா மாத்துறது?" இதற்கு எங்களிடம் பதில் இல்லை. இருக்கவும் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கொடி அவர் தாத்தாவுக்குக் கூலி வாங்கிக் கொடுத்தது. நாங்கள் கொடுத்தது தார்ப்பாய்.

இன்னொருவரை மறக்கவே முடியாது. மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலத்தில் குத்தகைச் சாகுபடி செய்பவர். அந்த ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்துபோனது. மிஞ்சியதை அறுத்து நேரடி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள். ரோட்டோரத்தில் கொட்டிக் காயவைத்து, ராத்திரி பனிக்குப் படுதா போட்டு மூடி, இரண்டு வாரம் நெல்லோடு படுத்துக் கிடந்தார். கடைசியில் ஒரு கட்சியின் ஒன்றியப் பிரமுகர் போன் போட்டுச் சொன்ன பிறகுதான் மூட்டை தராசில் ஏறியதாம். இதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "நீங்க போன் போட்டா எடுப்பாங்களா?" அக்கா உண்மையைச் சொன்னார், "எடுக்க மாட்டாங்க அண்ணே. அந்த போனே தேவையில்லாம ஆக்கணும்னுதான் நிக்கிறேன்." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் ஓட்டு எங்களுக்கு விழுந்திருக்காது. அடுத்த போகத்துக்கும் அவருக்கு அந்த போன் வேண்டும்.

ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்துப் பதினாறு வருடம் உண்ணாவிரதம் இருந்த இரோம் ஷர்மிளாவுக்கே 2017 மணிப்பூர் தேர்தலில் கிடைத்தது 90 வாக்குகள். நாட்டுக்கே தெரிந்தவர்கள் கதை அப்படி. இதைக் கேட்டதும் 'நன்றி கெட்ட ஜனங்கள்' என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. உதவி வாங்கியவர் கடன்பட்டவர் என்ற கணக்கு எங்கள் மனசில்தான் ஓடியது, அவர்கள் மனசில் ஓடவில்லை. காசு கொடுத்து ஓட்டு வாங்குகிறவனும் ஏறக்குறைய அதே கணக்கைத்தான் போடுகிறான்.

நான் பல வருடம் எங்கள் மாதக் கூட்ட அறிக்கைகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன். எல்லாவற்றிலும் 'கிராம மக்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்' என்று ஒரு வரி இருக்கும். பொய்யில்லை, நிஜமாகவே எல்லோரும் கை தூக்குவார்கள். கொடுக்கிற இடத்தில் இருப்பவர் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? அந்தக் கையை நம்பித்தான் அக்கா நின்றார், நானும் நிற்கச் சொன்னேன். திரைக்குப் பின்னால் தனியாக நின்று, யாருக்கும் தெரியாமல் பட்டனை அழுத்தி எங்களுக்கு அவர்கள் சொன்ன முதல் பதில் 2021 ஏப்ரல் 6ஆம் தேதிதான்.

வாக்குச்சாவடி வாரியாக முடிவு தரும் படிவம் 20 வந்ததும், முடிவை விட அதைத்தான் நான் அதிகமாகப் படித்தேன். நாங்கள் கால் வைக்காத ஒரு டவுன் சாவடியில் நாற்பது சொச்சம். பன்னிரண்டு வருடமாக மாலைப் பள்ளி நடக்கும் தெருவின் சாவடியில் பதினொன்று. அதில் இரண்டு எங்கள் சமையல்காரம்மாவும் அவர் மகனும். அந்தத் தெருவில் ஒரு பெண் பிற்பாடு என்னிடம் சொன்னார்: "அவுங்க ஜெயிச்சு மெட்ராஸ் போயிட்டா புள்ளைங்களுக்கு யாரு பாடம் எடுப்பா? அதான் போடல." அது நிஜக் காரணமா, என் மனசு நோகக் கூடாது என்று சொன்னதா, இன்றுவரை பிடிபடவில்லை.

நின்றதற்கு ஒரு விலையும் இருந்தது. மாலைப் பள்ளி நடந்த பொதுக் கட்டடத்தை ஜூனில் காலி செய்யச் சொன்னார்கள், பராமரிப்பு வேலை என்று காரணம். வேலை எதுவும் நடக்கவில்லை. அதுவரை எங்களை எல்லாக் கட்சிக்கும் பொதுவான ஆளாகப் பார்த்த அலுவலகங்கள், அதன் பிறகு ஒரு கணம் தயங்கித்தான் நாற்காலி போட்டன. உங்கள் ஊர்க்காரர் இதை மட்டுமாவது யோசித்துவிட்டு இறங்கட்டும்.

ஜெயிக்க ஆசை நிஜமாக இருந்தால், அவர் கிராம ஊராட்சியிலிருந்து தொடங்கலாம். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. அங்கே ஆளைப் பார்த்து ஓட்டு விழும், கொடியை விட்டுக்கொடுக்காமலேயே போடலாம். அந்தப் பதவியிலிருந்து போன் போட்டால் ஓரளவு எடுக்கவும் செய்வார்கள். அக்காவிடம் இதை அப்போதே சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் நானும் அறிக்கை தட்டச்சு செய்தவன்தானே.

மே 2ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. ராத்திரி வெகுநேரம் தூங்காமல், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கப் போனேன். திண்ணையில் மூன்று பேர் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் அந்த மோர் கொடுத்த பாட்டி. முதியோர் பென்ஷன் இரண்டு மாதமாக வரவில்லையாம், மனு எழுத வேண்டுமாம். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா பின்னாலேயே வந்தார், பாட்டியின் பாஸ்புக்கை வாங்கிக் கடைசிப் பதிவு எந்தத் தேதி என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், "ஆதார் கொண்டாந்தியா?" என்று கேட்டார். பாட்டி மடியை அவிழ்த்தார்.